ஃப்ளோ கம்ப்யூட்டரில் டிபி டிரான்ஸ்மிட்டர் இன்புட்: கஞ்சிக்கோடு, வாளையார், கோவைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாருக்கு மேற்கே கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை. கிழக்கே மதுக்கரை, கோவை, பொள்ளாச்சி. இந்த வட்டாரத்தில் பாய்லர் நீராவி, கம்ப்ரஸ்ஸர் காற்று, எரிவாயு லைன் என்று ஆரிஃபிஸ் பிளேட் (நடுவில் துளை போட்ட தட்டு) வைத்து ஓட்டத்தை அளக்கிற இடங்கள் நிறைய. தட்டின் இரு பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் டிபி. டிரான்ஸ்மிட்டர் அதை அளந்து கரன்டாக அனுப்புகிறது, ஃப்ளோ கம்ப்யூட்டர் அதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. அங்கே வேலை பார்க்கிற இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கான பதில்கள் இவை. கம்ப்யூட்டரின் மெனுப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம்.

கணக்கு புரிவதற்காக ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். 6 இஞ்ச் நீராவி லைன், அழுத்தம் 10 பார் கேஜ் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 10 பார்). ஆரிஃபிஸின் இரு பக்கமும் 250 மில்லிபார் வித்தியாசம் வரும்போது மணிக்கு 5,000 கிலோ நீராவி போகிறது. டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 250 மில்லிபாருக்கு 4 முதல் 20 மில்லி ஆம்ப் அனுப்புகிறது.

செட்டிங்கில் கை வைக்கும் முன் என்னென்ன தாள் கையில் இருக்க வேண்டும்?

ஆரிஃபிஸ் கணக்குத் தாள், டிரான்ஸ்மிட்டரின் காலிப்ரேஷன் தாள், லூப் டிராயிங் (டிரான்ஸ்மிட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரையான ஒயரிங் படம்). இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். ஆரிஃபிஸ் தாளில் குழாயின் உள்விட்டம், துளை விட்டம், முழு ஓட்டத்துக்கான டிபி, டிசைன் அழுத்தம், டிசைன் வெப்பநிலை, எந்தத் தரமுறைப்படி கணக்குப் போட்டார்கள் (ஐஎஸ்ஓ 5167 அல்லது ஏஜிஏ 3) என்பது இருக்கும். டிரான்ஸ்மிட்டர் தாளில் ரேஞ்ச், யூனிட், அவுட்புட் லீனியரா ஸ்கொயர் ரூட்டா என்பது இருக்கும்.

தாளில் இருப்பதும் டிரான்ஸ்மிட்டருக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்பதை ஹார்ட் கம்யூனிகேட்டர் (டிரான்ஸ்மிட்டரின் செட்டிங்கைப் படிக்கிற கைக்கருவி) மாட்டிப் பார்த்துவிடுங்கள். தாள் போட்ட பிறகு யாராவது ரேஞ்சை மாற்றியிருப்பார்கள். டிபி இன்புட் விஷயத்தில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை கருவி கெட்டுப்போனதால் வருவதில்லை. டிரான்ஸ்மிட்டர் ஒன்று சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை வேறொன்றாகப் புரிந்துகொள்கிறது. இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் இங்கே வேலை.

ஸ்கொயர் ரூட்டை டிரான்ஸ்மிட்டரில் எடுப்பதா, கம்ப்யூட்டரில் எடுப்பதா?

கம்ப்யூட்டரில். டிரான்ஸ்மிட்டர் லீனியராகவே இருக்கட்டும்.

காரணம் இருக்கிறது. ஆரிஃபிஸ் வழியாகப் போகிற ஓட்டம் டிபியின் வர்க்கமூலத்துக்கு விகிதமாகப் போகும். டிபி கால் பங்கு ஆனால் ஓட்டம் பாதி. ஆனால் ஃப்ளோ கம்ப்யூட்டர் வெறும் வர்க்கமூலம் மட்டும் எடுப்பதில்லை. அடர்த்தி, விரிவுக் காரணி (துளையில் வாயு விரிவதற்கான திருத்தம்), வெளியேற்றக் குணகம் (கணக்கு ஓட்டத்தில் நிஜமாகப் போகிற பங்கு) மூன்றையும் அந்தந்த நேரத்து அழுத்தம், வெப்பநிலை, டிபி வைத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. அதற்குத் தேவை உண்மையான டிபி. வர்க்கமூலம் எடுத்த மதிப்பைக் கொடுத்தால் அடித்தளமே மாறிவிடும்.

இரண்டு பக்கமும் ரூட் எடுத்தால் என்ன ஆகும்? நம் உதாரணத்தில் டிபி 62.5 மில்லிபார், அதாவது 25 சதவீதம். உண்மை ஓட்டம் 2,500 கிலோ. டிரான்ஸ்மிட்டர் ரூட் எடுத்து 12 மில்லி ஆம்ப் அனுப்புகிறது. கம்ப்யூட்டர் அதை 50 சதவீத டிபி என்று எடுத்துக்கொண்டு மறுபடி ரூட் எடுக்கிறது. காட்டுவது சுமார் 3,535 கிலோ. இரண்டு பக்கமும் எடுக்காவிட்டால் 1,250 கிலோ காட்டும். முழு ஓட்டத்தில் மூன்று நிலைமையிலும் 5,000தான் வரும் என்பதைக் கவனியுங்கள். 20 மில்லி ஆம்ப் கொடுத்து 5,000 வருகிறது, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டால் இந்தக் கோளாறு பிடிபடாது. எப்போதும் 8 மில்லி ஆம்பில் ஒரு முறை பாருங்கள். லீனியர் டிரான்ஸ்மிட்டர், ரூட் எடுக்கும் கம்ப்யூட்டர் என்றால் 8 மில்லி ஆம்புக்கு ஏறக்குறைய 2,500 வர வேண்டும்.

பழைய ரெக்கார்டருக்காக டிரான்ஸ்மிட்டரில் ரூட் போட்டுவைத்த லூப்கள் இன்னும் ஓடுகின்றன. அதை மாற்றவே முடியாது என்றால், கம்ப்யூட்டரில் 'ரூட் எடுக்கப்பட்ட இன்புட்' என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தேர்வு உள்ளே வருகிற மதிப்பை வர்க்கப்படுத்தி டிபியாக மாற்றிக்கொள்ளும்.

ஓட்டம் எப்போதும் ஒரே விகிதத்தில் குறைவாகக் காட்டுகிறது. எதைப் பார்ப்பது?

முதலில் ரேஞ்சைப் பாருங்கள். உற்பத்தி கூடியபோது 250 போதவில்லை என்று டிரான்ஸ்மிட்டரை 400 மில்லிபாருக்கு யாரோ மாற்றியிருப்பார்கள். கம்ப்யூட்டரில் 250தான் இருக்கும். அப்போது காட்டுகிற ஓட்டம் உண்மை ஓட்டத்தில் 79 சதவீதம்தான். ஜீரோவில் தவறு தெரியாது, எல்லா ஓட்டத்திலும் 21 சதவீதம் குறையும். ஒரே விகிதத்தில் தவறு வந்தால் ரேஞ்ச், யூனிட், துளை விட்டம் ஆகிய மூன்றில் ஒன்று. குறைந்த ஓட்டத்தில் மட்டும் தவறு பெரிதானால் ஜீரோ. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம்.

யூனிட்டில் நடக்கிற குழப்பம் தனிக் கதை. பழைய ஆட்கள் 2,500 மில்லிமீட்டர் வாட்டர் காலம் என்று எழுதியிருப்பார்கள். புதிதாக வந்தவர் அதை 250 மில்லிபார் என்று போட்டுவிடுவார். 2,500 மில்லிமீட்டர் தண்ணீர் என்பது 245.2 மில்லிபார்தான். டிபியில் 2 சதவீதம், ஓட்டத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் காட்டும். தண்ணீர் எந்த வெப்பநிலையில் என்பதும் உண்டு. 4 டிகிரித் தண்ணீர் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 9.807 பாஸ்கல், 20 டிகிரி என்றால் 9.789. இந்த வித்தியாசம் ஓட்டத்தில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. பாய்லர் கணக்குக்கு விட்டுவிடலாம், பணம் கைமாறுகிற எரிவாயு மீட்டரில் விடக்கூடாது. என் பரிந்துரை, இரண்டு பக்கமும் மில்லிபார் அல்லது கிலோபாஸ்கலுக்கு மாறிவிடுங்கள். இந்தச் சந்தேகமே வராது.

சார், மெயின் வால்வை மூடிவிட்டோம். அப்படியும் 300 கிலோ ஓடுவதாகக் காட்டுகிறது. ஏன்?

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஜீரோ நகர்ந்திருக்கிறது.

ஒரு மில்லிபார் நகர்ந்தால் போதும். 250-ல் 1 என்பது 0.4 சதவீதம்தானே என்று தோன்றும். அதன் வர்க்கமூலம் 6.3 சதவீதம். 5,000 கிலோவில் அது 316 கிலோ. ஓடாத நீராவிக்கு மணிக்கு 316 கிலோ கணக்கு ஏறுகிறது. ஓடும்போதும் பாருங்கள். உண்மையில் 500 கிலோ போகும்போது டிபி 2.5 மில்லிபார். ஒரு மில்லிபார் சேர்ந்து 3.5 ஆனால் காட்டுவது 592 கிலோ, 18 சதவீதம் அதிகம். அதே ஒரு மில்லிபார் முழு ஓட்டத்தில் 10 கிலோ வித்தியாசத்தைத்தான் தரும். அதனால்தான் பகலில் முழு லோடில் கணக்கு ஒத்துப்போகிறது, இரவு ஷிஃப்டில் ஒத்துப்போவதில்லை.

சரி, எப்படிச் சரிசெய்வது? இங்கே இரண்டு ஜீரோ இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று டிரான்ஸ்மிட்டர் செல்லின் (அழுத்தத்தை உணர்கிற பகுதி) ஜீரோ. இன்னொன்று இம்பல்ஸ் லைனோடு (குழாயிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு அழுத்தத்தைக் கொண்டுவருகிற சிறு குழாய்) சேர்ந்த ஜீரோ.

செல்லின் ஜீரோவைப் பார்க்க மேனிஃபோல்டைப் (ஹை, லோ, இரண்டையும் இணைக்கிற ஈக்வலைசர் என்ற மூன்று வால்வுத் தொகுதி) பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டரை மெயின்டனன்ஸ் மோடில் போடுங்கள், டோட்டல் (கூட்டிவரும் மொத்த ஓட்டம்) கெடக்கூடாது. லோ பக்க வால்வை மூடுங்கள், பிறகு ஈக்வலைசரைத் திறங்கள், ஹை பக்கம் திறந்தே இருக்கட்டும். இப்போது செல்லின் இரு பக்கமும் லைன் அழுத்தம் சமமாக நிற்கிறது. இந்த நிலையில் ஜீரோ டிரிம் (ஜீரோவைச் சரிக்கட்டுவது) செய்தால், அழுத்தத்தால் வருகிற ஜீரோ நகர்வும் சேர்ந்து சரியாகும். வெறும் காற்றில், மேசை மேல் வைத்துச் செய்த ஜீரோவுக்கு இந்தப் பலன் கிடையாது. திரும்ப வரும்போது ஈக்வலைசரை மூடிவிட்டு லோ பக்கத்தைத் திறங்கள். நீராவி லைனில் இரு பக்க வால்வும் திறந்திருக்கும்போது ஈக்வலைசரைத் தொடவே கூடாது. இம்பல்ஸ் லைனில் நிற்கிற தண்ணீர் சுற்றி ஓடிப்போய்விடும், பின்னால் வருகிற சூடான நீராவி செல்லைத் தாக்கும்.

செல்லின் ஜீரோ சரியாக இருந்தும், ஈக்வலைசரை மூடி இரு பக்கமும் திறந்த பிறகு, ஓட்டம் இல்லாதபோதே டிபி காட்டினால், கோளாறு இம்பல்ஸ் லைனில். இரண்டு கண்டன்சேட் பாட்டும் (நீராவி குளிர்ந்து தண்ணீராக நிற்கிற சிறு கலம்) ஒரே மட்டத்தில் இல்லை, அல்லது ஒரு லைனில் தண்ணீர் குறைவு, அல்லது காற்றுக் குமிழி, அல்லது எங்கோ கசிவு. 10 மில்லிமீட்டர் மட்ட வித்தியாசமே ஏறக்குறைய ஒரு மில்லிபார். அதை டிரிம் செய்து மறைத்துவிடாதீர்கள். தண்ணீர் அளவு மாறினால் நாளைக்கு வேறு எண் வரும். ஸ்பிரிட் லெவல் வைத்துப் பாட்டின் மட்டத்தைப் பாருங்கள், லைனைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

காலையில் ஜீரோ சரியாக இருக்கிறது, மத்தியானம் நகர்கிறது. டிரான்ஸ்மிட்டர் கெட்டுவிட்டதா?

மாற்றுவதற்கு முன் வெயில் எங்கே விழுகிறது என்று போய்ப் பாருங்கள். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது உண்டு. ஒரு இம்பல்ஸ் லைன் வெயிலிலும் மற்றது குழாயின் நிழலிலும் இருந்தால் இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் சுலபமாக வந்துவிடும். 35 டிகிரித் தண்ணீருக்கும் 45 டிகிரித் தண்ணீருக்கும் அடர்த்தி 0.4 சதவீதம் மாறுகிறது. லைனின் உயரம் 2 மீட்டர் என்றால் அது கிட்டத்தட்ட முக்கால் மில்லிபார். ஓட்டமே இல்லாமல் 270 கிலோ காட்டுவதற்கு அது போதும்.

இரண்டு லைனையும் ஒட்டியே கொண்டுவந்து, ஒரே உறையில் சேர்த்து இன்சுலேஷன் செய்யுங்கள். தனித்தனியாகச் செய்தால் பலன் பாதிதான். மேலே ஒரு சிறு தகடு போட்டு நிழல் கொடுப்பதும் நல்லது.

லோ ஃப்ளோ கட் ஆஃப் (அதற்குக் கீழே ஓட்டத்தை ஜீரோவாக எடுக்கிற எல்லை) எவ்வளவு வைக்கலாம்?

ஜீரோவைச் சரிசெய்த பிறகு வைக்கலாம். ஜீரோவைச் சரிசெய்யாமல் கட் ஆஃபை ஏற்றி வைத்து எண்ணை மறைப்பது சரியான வேலை இல்லை.

கட் ஆஃப் டிபியில் கேட்கிறதா ஓட்டத்தில் கேட்கிறதா என்று பாருங்கள். டிபியில் 1 சதவீதம் என்பது ஓட்டத்தில் 10 சதவீதம், நம் லைனில் 500 கிலோ. இரவில் ஒரு டிரையர் மட்டும் 300 கிலோ இழுக்கிறது என்றால் அந்த நீராவி முழுவதும் கணக்கில் வராது. டிபியில் 0.1 சதவீதம் என்றால் 158 கிலோ. ஜீரோ நன்றாக நிற்கிற டிரான்ஸ்மிட்டருக்கு அதை ஒட்டி வைக்கலாம். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயும் ஒரு கட் ஆஃப் ஒளிந்திருக்கலாம், அதை எடுத்துவிடுங்கள். ஓரிடத்தில் இருந்தால் போதும்.

குறைந்த ஓட்டத்தையும் சரியாக அளக்க வேண்டும். இரண்டு டிரான்ஸ்மிட்டர் போடலாமா?

போடலாம், அதற்கான வசதி பெரும்பாலான ஃப்ளோ கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒரே ஆரிஃபிஸில் 0–25 மில்லிபார் ஒன்று, 0–250 மில்லிபார் ஒன்று. 25 மில்லிபார் என்பது 1,581 கிலோ. அதற்குக் கீழே சிறிய ரேஞ்ச் பார்க்கும், மேலே பெரியது பார்க்கும்.

மாறுகிற இடத்தை ஒரே புள்ளியாக வைக்காதீர்கள். ஏறும்போது சிறியதன் 95 சதவீதத்தில், அதாவது 23.75 மில்லிபாரில் பெரியதற்குப் போகட்டும். இறங்கும்போது 85 சதவீதத்தில், 21.25-ல் திரும்பட்டும். இல்லையென்றால் ஓட்டம் அந்த இடத்தில் ஆடும்போது இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். சிறியதை 25 மில்லிபாருக்கு மேல் 250 வரை தினமும் அழுத்துகிறோம் என்பதால், அதன் செல் அந்த அதிக அழுத்தத்தைத் தாங்கி மறுபடி ஜீரோவுக்கு வரக்கூடியதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இரண்டும் பொதுவாக அளக்கிற பகுதியில் அவை ஒத்துப்போகின்றனவா என்று கம்ப்யூட்டரையே ஒப்பிடச் சொல்லி அலாரம் வைக்கலாம். கோளாறை முதலில் சொல்வது அந்த அலாரம்தான்.

வளிமண்டல அழுத்தம் என்று ஓர் எண் கேட்கிறது. அப்படியே 1.01325 வைத்துவிடலாமா?

டிபி இன்புட் பற்றிய பக்கத்தில் இதைச் சேர்க்கக் காரணம், டிபியை ஓட்டமாக மாற்ற அடர்த்தி வேண்டும், அடர்த்திக்கு முழு அழுத்தம் வேண்டும். அழுத்த டிரான்ஸ்மிட்டர் கேஜ் வகையாக இருந்தால் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். 1.01325 பார் என்பது கடல் மட்டத்துக்கான எண்.

நம் பகுதியில் இது முக்கியம், ஏனென்றால் பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் உயரம் வேறு. பாலக்காடு நகரம் கடல் மட்டத்திலிருந்து 84 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே சராசரி அழுத்தம் சுமார் 1.003 பார். கோவை 411 மீட்டர், அங்கே சுமார் 0.965. வால்பாறை ஆயிரம் மீட்டருக்கு மேல், அங்கே 0.89 பார் அளவுக்கு இறங்கிவிடும். பாலக்காட்டில் கமிஷன் செய்த கம்ப்யூட்டரின் செட்டிங்கை அப்படியே காப்பி செய்து கோவைக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

எவ்வளவு தவறு வரும்? 10 பார் நீராவியில் கோவையில் 0.2 சதவீதம் அளவுதான், பெரிய விஷயம் இல்லை. ஆனால் 0.5 பார் கேஜ் எரிவாயு லைனை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் உண்மை முழு அழுத்தம் 1.465. கம்ப்யூட்டர் 1.513 என்று நினைக்கிறது. ஓட்டம் 1.6 சதவீதம் கூடுதலாகக் காட்டும். வால்பாறையில் அதே தவறு 4.3 சதவீதம். கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாக வாளையார் பக்கம் வருகிற இயற்கை எரிவாயுவை நம்பி ஆலைகள் மாறுகிற காலம் இது, குறைந்த அழுத்த லைன்களில் இந்த எண்ணுக்குப் பணமதிப்பு உண்டு.

செல்போனில் வானிலை ஆப் காட்டுகிற அழுத்தத்தை எடுத்துப் போடாதீர்கள். கோவைக்கும் அது 1,010 மில்லிபார் என்ற மாதிரித்தான் காட்டும், ஏனென்றால் அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். உங்களுக்கு வேண்டியது அந்த இடத்தின் நிஜ அழுத்தம். உயரத்தை வைத்துக் கணக்கிடலாம், அல்லது காலிப்ரேஷன் லேபில் இருக்கிற பாரோமீட்டரைக் கொண்டுவந்து படிக்கலாம்.

அப்புறம், அழுத்த டிரான்ஸ்மிட்டரே ஆப்சல்யூட் (முழு அழுத்தத்தையே அளக்கிற) வகையாக இருந்தால் கம்ப்யூட்டரிலும் ஆப்சல்யூட் என்றே போடுங்கள். கேஜ் என்று விட்டுவிட்டால் ஒரு பார் இரண்டாவது முறை கூடிவிடும்.

ஓட்டம் 4,600 கிலோவுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. செட்டிங்கில் எங்கே தவறு?

செட்டிங்கில் இல்லை, லூப்பில் வோல்டேஜ் போதவில்லை. கணக்குப் போடுங்கள். கம்ப்யூட்டரின் இன்புட் ரெசிஸ்டர் 250 ஓம், ஜீனர் பேரியர் (வெடிப்பு ஆபத்துள்ள இடத்துக்கான பாதுகாப்புத் தடுப்பு) 300 ஓம் போல, 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள் ஒரு கிலோமீட்டருக்குப் போய்வர 24 ஓம். மொத்தம் 574. டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யக் குறைந்தது 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பவர் சப்ளை 24 இருந்தால் 20 மில்லி ஆம்ப் மயிரிழையில் வரும். சப்ளை 22-க்கு இறங்கியிருந்தால் 17.4 மில்லி ஆம்போடு நின்றுவிடும். அது 4,580 கிலோ. குறைந்த ஓட்டத்தில் எல்லாம் சரியாகக் காட்டி, மேலே மட்டும் தட்டையாக நின்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சப்ளையைச் சரிசெய்யுங்கள், அல்லது ஜீனருக்குப் பதில் ஐசோலேட்டர் வகைப் பேரியர் போடுங்கள்.

இன்புட் கார்டு ஆக்டிவா (லூப்புக்குத் தானே சப்ளை கொடுப்பது) பேசிவா (கொடுக்காதது) என்பதையும் பாருங்கள். கம்ப்யூட்டரே லூப்புக்கு 24 வோல்ட் கொடுக்கிறது, பேனலிலும் தனி சப்ளை மாட்டியிருக்கிறது என்றால் இரண்டில் ஒன்றைக் கழற்ற வேண்டும்.

கார்டு 1–5 வோல்ட் வகையாக இருந்தால் வெளியே 250 ஓம் ரெசிஸ்டர் போடுவார்கள். கடையில் கிடைக்கிற 1 சதவீத ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால், 4 மில்லி ஆம்பில் 1.01 வோல்ட் வரலாம். டிபியில் அது 0.25 சதவீதம். ஓட்டத்தில் 5 சதவீதம், 250 கிலோ. ஜீரோ கோளாறு என்று டிரான்ஸ்மிட்டரைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். 0.1 சதவீதமோ அதைவிடத் துல்லியமானதோ போட்டு, கார்டையும் அந்த ரெசிஸ்டரோடு சேர்த்தே காலிப்ரேஷன் செய்யுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போனால் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

நமுர் என்இ 43 என்ற வழக்கப்படி 3.8 முதல் 20.5 மில்லி ஆம்ப் வரை அளவீடு. 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் கோளாறு. டிரான்ஸ்மிட்டரில் கோளாறு வந்தால் மேலே போவதா கீழே போவதா என்பதை ஜம்பரோ சுவிட்சோ முடிவு செய்யும். அதற்கேற்பக் கம்ப்யூட்டரில் இரண்டு எல்லையையும் போட வேண்டும்.

போடாவிட்டால் என்ன? மேலே போகிற வகை 21 மில்லி ஆம்ப் அனுப்பும், கம்ப்யூட்டர் அதை 5,154 கிலோ என்று இரவு முழுவதும் கூட்டிக்கொண்டிருக்கும். கீழே போகிற வகை 3.6 அனுப்பும், கம்ப்யூட்டர் ஜீரோ என்று காட்டும், ஆலை நின்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது இன்னும் மோசம், அலாரம் இல்லாமலே கணக்கு விடுபடும்.

கோளாறு நேரத்தில் எந்த மதிப்பை வைத்து ஓட்டுவது என்பதும் ஒரு செட்டிங். கடைசி நல்ல மதிப்பு, முன்பே எழுதிவைத்த மதிப்பு, ஜீரோ என்று தேர்வு இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் இருக்கிற மீட்டரில் அதை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் போடுங்கள். சொந்தப் பாய்லர் கணக்கு என்றால் கடைசி நல்ல மதிப்பு போதும், அலாரம் மட்டும் கட்டாயம்.

4–20 மில்லி ஆம்புக்குப் பதில் ஹார்ட் முறையில் (அதே ஒயரில் வருகிற டிஜிட்டல் தகவல்) டிஜிட்டலாகவே படிக்கலாமா?

கம்ப்யூட்டரில் ஹார்ட் கார்டு இருந்தால் தாராளமாக. டிரான்ஸ்மிட்டரில் மதிப்பைக் கரன்டாக மாற்றும்போதும், கம்ப்யூட்டரில் கரன்டை மறுபடி எண்ணாக மாற்றும்போதும் சேர்கிற தவறு இல்லை. ரேஞ்ச் மாறினாலும் டிபி மதிப்பு யூனிட்டோடு அப்படியே வரும். வேகம் குறைவு, நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் புது மதிப்பு. நீராவி, எரிவாயுக் கணக்குக்கு அது போதும்.

ஒரே ஒயரில் பல டிரான்ஸ்மிட்டரை மல்டிடிராப்பாகப் போட்டிருந்தால் ஒவ்வொன்றும் 4 மில்லி ஆம்பில் நிலையாக நிற்கும். பிறகு யாராவது அந்த இன்புட்டை அனலாக் என்று மாற்றினால் எப்போதும் ஜீரோ ஓட்டம்தான். அட்ரஸையும் லூப் கரன்ட் மோடையும் தாளில் எழுதிவையுங்கள்.

எண் ரொம்ப ஆடுகிறது. டேம்பிங்கை (எண்ணின் ஆட்டத்தைத் தணிக்கிற செட்டிங்) கூட்டினால் சரியாகிவிடுமா?

ஆட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், தவறு போகாது. பிஸ்டன் கம்ப்ரஸ்ஸருக்கு அருகில் இருக்கிற ஆரிஃபிஸில் டிபி 40-க்கும் 160-க்கும் நடுவே மாறி மாறி ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேம்பிங் கூட்டினால் சராசரி 100 என்று காட்டும், அதன் வர்க்கமூலம் 10. ஆனால் உண்மை ஓட்டத்துக்கு இரண்டின் வர்க்கமூலங்களின் சராசரிதான் நெருக்கமானது, அது 9.49. அதாவது 5 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டுகிறோம். டிரான்ஸ்மிட்டர் டேம்பிங் ஒரு நொடிக்குள் இருக்கட்டும், சராசரி எடுக்கிற வேலையை வர்க்கமூலத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் செய்யட்டும். ஆட்டத்தைக் குறைக்க வேண்டிய இடம் குழாய். ரிசீவர் டேங்குக்குப் பின்னால் ஆரிஃபிஸை நகர்த்துங்கள்.

எல்லாம் போட்டாயிற்று. எப்படிச் சோதிப்பது?

லூப் காலிப்ரேட்டரை எடுத்து டிரான்ஸ்மிட்டர் இருக்கிற முனையிலிருந்தே கரன்ட் கொடுங்கள், பேனலில் இருந்து கொடுத்தால் கேபிளும் பேரியரும் சோதிக்கப்படாது. அழுத்தத்தையும் வெப்பநிலையையும் டிசைன் மதிப்பில் நிலையாக வைத்துக்கொண்டு 4, 4.16, 5, 8, 13, 20 மில்லி ஆம்ப் என்று ஏறுங்கள், அதே வழியில் இறங்குங்கள். வர வேண்டியது 0, 500, 1,250, 2,500, 3,750, 5,000 கிலோ. 4.16-ல் 500 வருகிறதா என்பதுதான் கடினமான தேர்வு. கார்டின் ஜீரோ கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

குறைந்த புள்ளிகளில் அரை சதவீதம் போல அதிகமாக வந்தால் பயப்பட வேண்டாம். டிபி குறையும்போது விரிவுக் காரணி 1-ஐ நெருங்கும், வெளியேற்றக் குணகமும் சிறிது மாறும். கம்ப்யூட்டர் அதைச் சேர்த்துக் கணக்கிடுவதால் வருகிற வித்தியாசம் அது. ஒரு துளிகூட மாறாமல் 2,500 வந்தால்தான், இரண்டு காரணியையும் யாராவது நிலையான எண்ணாகப் பூட்டிவைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு நிஜ அழுத்தம். கைப் பம்பும் குறைந்த ரேஞ்ச் டெஸ்ட் கேஜும் வைத்து ஹை பக்கத்தில் 62.5 மில்லிபார் கொடுங்கள். டிரான்ஸ்மிட்டர் டிஸ்ப்ளே, மில்லி ஆம்ப், கம்ப்யூட்டரில் டிபி மூன்றும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

இரு திசையிலும் ஓடுகிற லைனுக்கு?

டிரான்ஸ்மிட்டரை −250 முதல் +250 என்று ரேஞ்ச் செய்தால் 12 மில்லி ஆம்ப்தான் ஜீரோ. கம்ப்யூட்டரில் இரு திசை ஓட்டம் என்று தேர்வு செய்து, டோட்டலைத் திசைக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். ஆரிஃபிஸ் தட்டும் இருபுறமும் கூரான விளிம்பு உள்ளதாக இருக்க வேண்டும், சாதாரணச் சரிவு விளிம்புத் தட்டு ஒரு திசைக்குத்தான் பொருந்தும்.

மழைக்காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

காற்று, எரிவாயு லைன்களில் டிரான்ஸ்மிட்டர் டேப்பிங்குக்கு (குழாயில் அழுத்தம் எடுக்கிற துளை) மேலே இருக்க வேண்டும், இம்பல்ஸ் லைன் அடிக்கு ஓர் அங்குலம் சரிவோடு குழாயை நோக்கி இறங்க வேண்டும். மழையில் குழாய் குளிரும்போது ஈரக் காற்றிலிருந்து தண்ணீர் பிரியும். வளைவில் தேங்கினால் மேலே சொன்ன அதே ஒரு மில்லிபார் கதைதான். நீராவிக்கும் திரவத்துக்கும் டிரான்ஸ்மிட்டர் கீழே.

ஜங்ஷன் பாக்ஸின் கேபிள் கிளாண்டை எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன் இறுக்கிவிடுங்கள். டெர்மினலில் ஈரம் ஏறினால் கரன்ட் கசிந்து எண் மெதுவாக நகரும். துலாவர்ஷக் காலத்தில், அக்டோபர் நவம்பரில், பிற்பகல் இடி மின்னல் பாலக்காட்டுப் பக்கம் கடுமையாக இருக்கும். லூப்பின் இரு முனையிலும் சர்ஜ் புரொடக்டர் வேண்டும், ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். பக்கத்தில் இடி விழுந்த மறுநாள், டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். உயிரோடு இருந்தபடியே ஜீரோ நகர்ந்திருக்கலாம். ஈக்வலைசரில் ஒரு முறை பாருங்கள்.

அண்ணா, ஷிஃப்டில் யாராவது செட்டிங்கை மாற்றிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃப்ளோ கம்ப்யூட்டரின் ஈவென்ட் லாக்கில் எந்த நேரத்தில் எந்த மதிப்பு எதிலிருந்து எதற்கு மாறியது என்று இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் படியுங்கள். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள், எல்லோருக்கும் ஒன்று என்றால் லாக் இருந்தும் பயனில்லை. டிரான்ஸ்மிட்டரில் இருக்கிற ரைட் புரொடெக்ட் சுவிட்சை ஆன் செய்து மூடியை சீல் வைத்துவிடுங்கள்.

நம் ஆலைகளில் ஒரு ஷிஃப்டில் தமிழ், அடுத்ததில் மலையாளம், அதற்கடுத்ததில் இந்தி பேசுகிறவர்கள் இருப்பார்கள். வாய்வழியாகச் சொல்கிற விஷயம் மூன்றாம் ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது. பேனல் கதவின் உள்பக்கம் ஒரு லேமினேட் தாள் ஒட்டுங்கள். அதில் டேக் எண், ரேஞ்ச் 0–250 மில்லிபார், அவுட்புட் லீனியர், ரூட் கம்ப்யூட்டரில், கட் ஆஃப் எவ்வளவு, வளிமண்டல அழுத்தம் எவ்வளவு, கோளாறில் மேலேயா கீழேயா, கடைசியாக ஜீரோ பார்த்த தேதி என்று இருக்கட்டும். ரேஞ்சை மாற்றுகிறவர் அந்தத் தாளையும் அன்றே மாற்றிக் கையெழுத்துப் போட வேண்டும்.